கலிபோர்னியா வேலையின்மைக் காப்பீட்டு மேல்முறையீட்டு வாரியம்

கலிபோர்னியா வேலையின்மைக் காப்பீட்டு மேல்முறையீட்டு வாரியம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வேலையிழந்தவர்களுக்கான காப்பீட்டுத் தொகை பற்றிய வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அரசு அமைப்பு. 1943-ல் உருவானது. தலைமையகம் சேக்ரமென்டோ நகரில் உள்ளது. தொகையை வழங்குவதும் மறுப்பதும் வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறை என்ற வேறொரு துறையின் பணி. அந்தத் துறையின் முடிவை ஏற்காதவர்கள், அவர் தொழிலாளியானாலும் முதலாளியானாலும், இந்த வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மாற்றுத்திறன் காப்பீடு, குடும்ப விடுப்புத் தொகை, ஊதிய வரி ஆகியவை பற்றிய வழக்குகளையும் வாரியமே விசாரிக்கிறது. எனினும் அதன் வரலாறு பெரும்பாலும் வேலையின்மைக் காப்பீட்டின் வரலாறுதான்.

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்தவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையை மனத்தில் கொண்டு இதைப் புரிந்துகொள்ள முயன்றால் குழப்பமே மிஞ்சும். அது வேலை கிடைக்காதவருக்கு அரசு செய்யும் உதவி. இது வேலையில் இருந்து, அதை இழந்தவருக்கு உரிய காப்பீடு. கலிபோர்னியாவில் இந்தக் காப்பீட்டுக்கான வரியை முழுவதும் முதலாளிகளே கட்டுகிறார்கள். வேலையிழந்தவருக்கு, அவர் முன்பு வாங்கிய ஊதியத்தைப் பொறுத்து, வாரத்துக்கு 40 டாலர் முதல் 450 டாலர் வரை, சாதாரண காலங்களில் அதிகபட்சம் 26 வாரங்களுக்குக் கிடைக்கும். 450 டாலர் என்ற உச்சவரம்பு 2005-க்குப் பின் உயர்த்தப்படவில்லை. கலிபோர்னியாவின் வீட்டு வாடகையை அறிந்தவர்களுக்கு அந்தத் தொகை எவ்வளவு தூரம் வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தொகை வாரக்கணக்கில் வருகிறது. வாடகையும் மளிகையும் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வருகின்றன. ஒருவர் தொகைக்குத் தகுதியானவரா என்ற வழக்கு மூன்று மாதம் நடந்தால், இறுதியில் அவர் வென்றாலும் அந்த மூன்று மாதம் அவர் எதை வைத்துப் பிழைப்பது? நிதானமாக விசாரிப்பதா, விரைவாகக் கொடுப்பதா என்ற இந்த இழுபறி வாரியத்தின் வரலாறு முழுவதும் தொடர்கிறது.

பின்னணி

வேலையின்மைக் காப்பீட்டை நாடு தழுவிய கட்டாயத் திட்டமாக முதலில் கொண்டுவந்தது பிரிட்டன். 1911-ன் தேசியக் காப்பீட்டுச் சட்டப்படி, 1913 ஜனவரி முதல் சில குறிப்பிட்ட தொழில்களில் வேலையிழந்தவர்களுக்கு வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு 15 வாரம் வரை வழங்கப்பட்டது. காப்பீட்டு அதிகாரி ஒருவருக்குத் தொகையை மறுத்தால் அவர் நடுவர் மன்றம் ஒன்றிடம் முறையிடலாம். அதில் ஒரு தலைவர், முதலாளிகள் சார்பில் ஒருவர், தொழிலாளர் சார்பில் ஒருவர் என மூவர் இருப்பார்கள். அதற்கு மேல் ‘அம்பயர்’ என்ற பெயரில் அரசால் நியமிக்கப்பட்ட இறுதித் தீர்ப்பாளர் ஒருவர் இருந்தார். கிரிக்கெட் ஆட்டத்தில் நாம் கேட்கும் அதே சொல்தான். இந்த அம்பயரின் தீர்ப்புகள் தொகுத்து அச்சிடப்பட்டு, பிற்கால வழக்குகளுக்கு வழிகாட்டியாயின. முதலில் அதிகாரியின் முடிவு, பிறகு நேரடி விசாரணை, அதன்பின் முன்தீர்ப்புகளை உருவாக்கும் உயர் அமைப்பு என்ற மூன்று படிகளை இன்றைய கலிபோர்னியாவிலும் காணலாம்.

அமெரிக்காவில் முதல் சட்டத்தை இயற்றியது விஸ்கான்சின் மாநிலம். பெருமந்தத்தின் நடுவில், 1932 ஜனவரியில், ஆளுநர் பிலிப் லா பாலெட் அதில் கையெழுத்திட்டார். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் ஆர். காமன்சும் அவருடைய மாணவர்களும் வளர்த்த கருத்து அந்தச் சட்டத்தில் இருந்தது. தொழிலாளர்களை அடிக்கடி நீக்கும் முதலாளி கூடுதல் வரி கட்ட வேண்டும், நிலையாக வேலை கொடுப்பவர் குறைவாகக் கட்டினால் போதும் என்பதே அது. முதலாளியின் பணப்பையைத் தொட்டால் அவர் ஆட்குறைப்புக்கு முன் இருமுறை யோசிப்பார் என்று அவர்கள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை எந்த அளவுக்குப் பலித்தது என்பது பொருளியலாளர்களின் விவாதம். ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. ஒருவருக்குத் தொகை வழங்கப்பட்டால் அது அவருடைய பழைய முதலாளியின் கணக்கில் ஏறும், கணக்கு ஏறினால் வரி ஏறும். ஆகவே அத்தொகையை எதிர்ப்பதில் முதலாளிக்கு நேரடி ஆதாயம் ஏற்பட்டது. வேலையிழந்தவருக்கும் அரசுக்கும் இடையே முடிந்திருக்க வேண்டிய விஷயம், பழைய முதலாளிக்கும் பழைய தொழிலாளிக்கும் இடையிலான வழக்காக மாறியது. மேல்முறையீட்டு வாரியங்களின் முன் குவியும் வழக்குகளில் பெரும் பகுதிக்கு வித்து இங்கேதான் இருக்கிறது.

1935-ன் சட்டமும் இரண்டு சொற்றொடர்களும்

1935 ஆகஸ்ட் 14 அன்று அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வேலையின்மைக் காப்பீட்டை மத்திய அரசு நேரடியாக நடத்தவில்லை. முதலாளிகள்மேல் ஒரு வரியை விதித்து, தகுதியான காப்பீட்டுச் சட்டம் இயற்றிய மாநிலங்களில் அந்த வரியின் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது. சட்டம் இயற்றாத மாநிலத்தின் முதலாளிகள் எப்படியும் அந்த வரியைக் கட்டத்தான் வேண்டும், பணமும் வாஷிங்டனுக்குப் போய்விடும். இந்த ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 1937 மே மாதம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டின் நடுப்பகுதிக்குள் எல்லா மாநிலங்களும் சட்டம் இயற்றிவிட்டன.

திட்டத்தை நடத்தும் நிர்வாகச் செலவை மத்திய அரசு மாநிலங்களுக்குத் தந்தது. அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றில் இரண்டு இந்தக் கட்டுரைக்கு முக்கியமானவை. தொகை ‘உரிய காலத்தில்’ முழுமையாகச் சென்றுசேரும் வகையில் நிர்வாக முறை இருக்க வேண்டும் என்பது ஒன்று. தொகை மறுக்கப்பட்ட எவருக்கும் சார்பற்ற தீர்ப்பாயம் ஒன்றின் முன் ‘நியாயமான விசாரணை’ கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஒன்று வேகத்தைக் கேட்கிறது, மற்றது நிதானத்தைக் கேட்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, எதற்கு முன்னுரிமை என்று சொல்லாமல் விட்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கேள்வி கலிபோர்னியாவிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்றது.

வாரியத்தின் அமைப்பு

கலிபோர்னியா தன் சட்டத்தை 1935-லேயே இயற்றியது. 1938 முதல் தொகை வழங்கத் தொடங்கியது. மேல்முறையீட்டு வாரியம் 1943-ல் உருவாக்கப்பட்டது.

இன்றைய வாரியத்தில் ஐந்து உறுப்பினர்கள். மூவரை ஆளுநர் நியமிக்கிறார், ஒருவரை மாநில மேலவையும் ஒருவரைக் கீழவையும் நியமிக்கின்றன. ஐவரில் இருவராவது வழக்கறிஞர்களாக இருக்க வேண்டும். நல்ல ஊதியமுள்ள இப்பதவிகள், பதவிக்காலம் முடிந்த அரசியல்வாதிகளுக்கான புகலிடமாகிவிட்டன என்ற விமரிசனம் நெடுநாளாக உண்டு. முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்கள் பலர் இதில் அமர்ந்திருப்பதால் அதை வெறும் வம்பு என்று தள்ளிவிட முடியாது. 2008 நவம்பரில் மாநிலத் தணிக்கைத் துறை வெளியிட்ட அறிக்கை, வாரியத்தில் பணியமர்த்தும் முறைகள் பலவீனமாக இருந்ததையும், வேண்டியவர்களுக்கு வேலை தரப்படுகிறது என்ற எண்ணம் ஊழியர்களிடையே நிலவியதையும் பதிவு செய்தது. வேலையிழந்தவர்களின் நியாயத்தைத் தீர்மானிக்கும் அலுவலகத்துக்கே வேலை கொடுத்த முறையில் இப்படி ஒரு புகார் வந்தது.

ஆனால் அன்றாட வேலையைச் செய்வது இந்த ஐவர் அல்லர். ஓக்லாந்து, பிரெஸ்னோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ போன்ற நகரங்களில் உள்ள மேல்முறையீட்டு அலுவலகங்களில் பணிபுரியும் நிர்வாக நீதிபதிகளே வழக்குகளை விசாரிக்கிறார்கள். முன்பு இவர்களை ‘ரெஃப்ரி’ என்றே அழைத்தார்கள். பிரிட்டனின் நடுவர் மன்றத்தில் புழங்கிய அதே சொல்.

எல்லா மாநிலங்களிலும் இத்தகைய இரண்டாம் நிலை வாரியம் இல்லை. ஹவாய், நெப்ராஸ்கா போன்றவற்றில் முதல் மேல்முறையீட்டுக்குப் பின் நேராக நீதிமன்றம்தான்.

ஒரு வழக்கு நடக்கும் விதம்

வேலையிழந்தவர் துறையிடம் விண்ணப்பிக்கிறார். அவருடைய கடைசி முதலாளிக்கு அறிவிப்பு போகிறது. பதில் சொல்ல அவருக்குப் பத்து நாள். இருவர் கூற்றும் முரண்பட்டால் துறை ஊழியர் ஒருவர் தொலைபேசியில் இருதரப்பையும் கேட்டு முடிவெடுக்கிறார். பெரும்பாலான மறுப்புகள் இரண்டு காரணங்களில் அடங்கும். தக்க காரணமின்றித் தானாகவே வேலையை விட்டார் என்பது ஒன்று, ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டார் என்பது இன்னொன்று. வேலை செய்யத் தயாராக இல்லை, வேலை தேடவில்லை, பொய்த் தகவல் தந்தார் என்பவை அடுத்த வரிசை.

முடிவு தபாலில் வருகிறது. அதில் குறிப்பிட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். 2015 ஜூலைக்கு முன் இது 20 நாளாக இருந்தது. வீடு மாறியவர்கள், உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள், ஆங்கிலக் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடுபவர்கள் பலருக்கு இருபது நாள் போதவில்லை. காலம் கடந்து விண்ணப்பித்தவர் அதற்குத் தக்க காரணம் காட்டினால் நீதிபதி ஏற்கலாம். மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. தொழிற்சங்கத்தாரோ நண்பரோகூட உடன் வரலாம். மொழிபெயர்ப்பாளரை வாரியமே இலவசமாக ஏற்பாடு செய்கிறது.

இதில் பலர் விழும் ஒரு குழி உண்டு. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ‘இன்னும் வேலையில்லை, தேடுகிறேன்’ என்று துறைக்கு உறுதிப்படிவம் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பணம்தான் வரவில்லையே, எதற்குப் படிவம் என்று நிறுத்திவிட்டவர், வழக்கில் வென்றபின், படிவம் இல்லாத வாரங்களுக்குத் தொகை இல்லை என்ற பதிலைக் கேட்க நேரிடும். நியாயம் கிடைத்துவிட்டது, பணம் கிடைக்கவில்லை என்ற நிலை அது. உரிமையை விளக்கும் துண்டறிக்கைகள் எல்லாம் இதைத் தவறாமல் எச்சரிப்பதிலிருந்தே, எத்தனை பேர் இதில் மாட்டியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

விசாரணை முன்பு நேரில் நடந்தது. இப்போது பெரும்பாலும் தொலைபேசியில். நீதிமன்றத்தின் சடங்குகள் அதிகம் இல்லை, ஆனால் சாட்சிகள் சத்தியப்பிரமாணம் செய்கிறார்கள், எல்லாம் ஒலிப்பதிவாகிறது. நீதிபதியே கேள்விகள் கேட்டு விவரங்களை வெளிக்கொண்டுவருகிறார். எதிர்த்தரப்பைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஒருவர் சொல்லக் கேட்டதை இன்னொருவர் சொல்வதையும் நீதிபதி பதிவு செய்துகொள்வார், ஆனால் நேரில் கண்டவரின் சாட்சியத்துக்கு முன் அது எடை குறைந்தது. பெரிய நிறுவனங்கள் சில சமயம் சம்பவத்தையே பார்த்திராத மனிதவளப் பிரிவு ஊழியரை ஒரு கோப்புடன் அனுப்புவார்கள். மறுபக்கம் சம்பவத்தில் இருந்த தொழிலாளி தானே பேசுவார். கோப்பு தடிமனாக இருப்பதால் மட்டும் வழக்கு வென்றுவிடாது.

நிரூபிக்கும் பொறுப்பும் பிரிக்கப்பட்டிருக்கிறது. நீக்கப்பட்டவர் ஒழுங்கீனம் செய்தார் என்று காட்ட வேண்டியது முதலாளி. தானாக விலகியவர் தனக்குத் தக்க காரணம் இருந்தது என்று காட்ட வேண்டும்.

நீதிபதியின் தீர்ப்பை ஏற்காதவர் வாரியத்துக்குச் செல்லலாம். இங்கே பொதுவாகப் புதிய விசாரணை கிடையாது. உறுப்பினர்கள் ஒலிப்பதிவையும் ஆவணங்களையும் வைத்தே தீர்மானிக்கிறார்கள். முன்பே காட்டாத ஆவணத்தை இப்போது கொண்டுவந்தால் ஏன் அப்போது காட்டவில்லை என்று விளக்க வேண்டும். ஆகவே முதல் விசாரணையைத் தவறவிட்டவர் பாதி வழக்கை இழந்தவர் போலத்தான். வாரியமும் கைவிரித்தால், ஆறு மாதத்துக்குள் மாநில உயர்நிலை விசாரணை நீதிமன்றத்தில் பேராணை மனு தாக்கல் செய்யலாம். வாரத்துக்கு 450 டாலருக்காக அவ்வளவு தூரம் போகிறவர்கள் குறைவு.

எது ஒழுங்கீனம்?

வாரியம் தீர்க்கும் கேள்விகளில் மிகப் பழையதும் இன்றும் ஓயாததும் இதுதான். 1941-ல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் வழக்கில் தந்த விளக்கம் நாட்டின் பல மாநிலங்களுக்கும் பரவியது. அவர் சில விபத்துகளை ஏற்படுத்தியதால் நீக்கப்பட்டவர். முதலாளியின் நலனை வேண்டுமென்றே அலட்சியம் செய்வதே ஒழுங்கீனம், திறமைக் குறைவோ தற்செயலான கவனக்குறைவோ நல்லெண்ணத்தில் எடுத்த தவறான முடிவோ ஒழுங்கீனம் ஆகாது என்றது நீதிமன்றம். ஒருவரை வேலையிலிருந்து நீக்க முதலாளிக்கு நல்ல காரணம் இருக்கலாம். ஆனாலும் அவருக்குக் காப்பீடு மறுக்கப்பட வேண்டியதில்லை. இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதைப் பிரித்துக் காட்டியதே அந்தத் தீர்ப்பின் பயன்.

கலிபோர்னியாவும் இதே வழியில் சென்றது. 1984-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்த அமடோர் வழக்கில், மருத்துவமனை ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர், உயிரோடிருக்கும் நோயாளிகளின் திசுவை வெட்டி ஆய்வுக்குத் தயார்செய்யும் வேலையைச் செய்ய மறுத்தார். அதற்கான தகுதி தனக்கு இல்லை, தவறினால் நோயாளிக்குக் கேடு என்பது அவர் வாதம். நீக்கப்பட்டார். வாரியம் அதை ஒழுங்கீனம் என்றது. நீதிமன்றம் வாரியத்தின் முடிவை ரத்து செய்தது. நியாயமான, நேர்மையான நம்பிக்கையில் ஓர் உத்தரவை மறுப்பது ஒழுங்கீனம் ஆகாது என்று சொன்னது.

இன்னொரு வழக்கு, இதே கேள்வி எவ்வளவு பொடியான விஷயத்தில் முளைக்கும் என்பதைக் காட்டும். சேக்ரமென்டோவில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வாகனம் இயக்கும் பாராடிரான்சிட் நிறுவனத்தில் ஓர் ஓட்டுநர் 2008-ல் ஓர் ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்திட மறுத்தார். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துதான் என்றார்கள் மேலாளர்கள். தொழிற்சங்கப் பிரதிநிதி இல்லாமல் எதிலும் கையெழுத்திடாதே என்று சங்கத் தலைவர் சொல்லியிருந்ததால், ஒப்புதல் வாக்குமூலமாகிவிடுமோ என்று அவர் அஞ்சினார். அன்றே வேலை போனது. துறை தொகையை மறுத்தது. நிர்வாக நீதிபதியும் மறுத்தார். வாரியம் அந்தத் தீர்ப்பை மாற்றி, இது நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை, தொகை உண்டு என்றது. நிறுவனம் நீதிமன்றம் சென்றது. விசாரணை நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம், மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கம். 2014 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் வாரியம் சொன்னதே சரி என்று முடித்தது. ஒரு கையெழுத்தின் பொருளைத் தீர்மானிக்க ஆறு ஆண்டு ஆயிற்று.

வாரியம் தன் தீர்ப்புகளில் சிலவற்றை ‘முன்தீர்ப்பு’ என்று அறிவித்து வெளியிடுகிறது. கீழுள்ள நீதிபதிகளையும் துறையையும் அவை கட்டுப்படுத்தும். பிரிட்டனின் அம்பயர் தீர்ப்புத் தொகுப்புகளின் வாரிசு என்று இவற்றைச் சொல்லலாம். வாரியத்தின் நிலையான பங்களிப்பு இந்த முன்தீர்ப்புகளே என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டவர், மனைவி வேறு ஊருக்கு மாறியதால் உடன் சென்றவர் என்று, சட்டப் புத்தகத்தில் ஒரே வரியாக இருக்கும் ‘தக்க காரணம்’ என்ற சொல்லுக்குள் எத்தனை குடும்பங்கள் அடங்கும் என்பது இத்தகைய வழக்குகளில்தான் தெரியும்.

ஜாவா வழக்கு

1960களின் இறுதியில் கலிபோர்னியாவின் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. துறை விசாரித்து, ஒருவர் தகுதியானவர் என்று முடிவு செய்து, தொகையும் கொடுக்கத் தொடங்கிய பின், முதலாளி மேல்முறையீடு செய்தால் போதும், தொகை தானாக நின்றுவிடும். மேல்முறையீட்டில் தீர்ப்பு வரும்வரை ஒன்றும் கிடைக்காது. தீர்ப்பு வர ஏறத்தாழ ஏழு வாரம் ஆனது. முதலாளியின் மேல்முறையீட்டில் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு காகிதம் போதும்.

வேலையிழந்த இருவர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். அவர்களில் ஒருவரின் பெயரால் இது ஜாவா வழக்கு எனப்படுகிறது. மத்திய மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மாநிலத் துறை உச்ச நீதிமன்றம் சென்றது.

1971 ஏப்ரல் 26 அன்று தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பை எந்த நீதிபதியும் எதிர்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், முன்விசாரணை இல்லாமல் ஏழைகளுக்கான நலத்தொகையை நிறுத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்று கோல்ட்பெர்க் வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது. அந்தத் தீர்ப்பை ஏற்காமல் மாற்றுக்கருத்து தெரிவித்தவர்களில் பர்கரும் ஒருவர். ஜாவா வழக்கில் அவர் அரசியலமைப்புப் பக்கம் போகவில்லை. 1935-ன் சட்டத்தில் உள்ள ‘உரிய காலத்தில்’ என்ற சொற்றொடரை எடுத்துக்கொண்டார். அந்தத் திட்டம் எதற்காக வந்தது? வேலை போன உடனேயே ஊதியத்துக்கு ஈடாக ஒரு தொகை கையில் இருக்க வேண்டும், அதை வைத்துக்கொண்டு அவர் கிடைத்த வேலையில் விழாமல் தன் திறமைக்கேற்ற வேலையைத் தேட வேண்டும், அவர் செலவழிக்கும் பணம் ஊர்ப் பொருளாதாரத்தையும் தாங்க வேண்டும். ஏழு வாரம் கழித்து மொத்தமாகக் கொடுக்கும் நிலுவை இவற்றில் எதையும் செய்யாது. இருதரப்பையும் கேட்டபின் நிர்வாகத்தால் இயன்ற மிக முந்தைய கட்டத்தில் தொகை கொடுக்கப்பட வேண்டும், அதுவே ‘உரிய காலம்’ என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கலிபோர்னியாவின் பிரிவு செல்லாததாயிற்று.

இத்தீர்ப்பு முதலாளியின் மேல்முறையீட்டு உரிமையைப் பறிக்கவில்லை. அவர் வென்றால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழிகள் உண்டு. தாமதத்தின் சுமை யார் தோளில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றியது. அதுவரை வழக்கு முடியாத காலத்தின் நட்டம் வேலையிழந்தவருடையது. அதன்பின் அது காப்பீட்டு நிதியினுடையது.

ஆனால் தொடக்கத்திலேயே துறை மறுத்துவிட்டவருக்கு ஜாவா உதவவில்லை. அவர் வழக்கு முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். எனவே அடுத்த கேள்வி விசாரணையின் வேகத்தைப் பற்றியது. 1972-ல் மத்தியத் தொழிலாளர் துறை ஓர் அளவுகோலை விதித்தது. முதல்நிலை மேல்முறையீடுகளில் 60 விழுக்காட்டில் 30 நாளுக்குள்ளும், 80 விழுக்காட்டில் 45 நாளுக்குள்ளும் தீர்ப்பு வர வேண்டும். இன்றும் இதுதான் அளவு.

சிறு வழக்குகள், பெரிய தீர்ப்புகள்

மற்ற மாநிலங்களின் இத்தகைய அமைப்புகளிலிருந்து கிளம்பிய வழக்குகள் காப்பீட்டைத் தாண்டியும் சென்றன. தென் கரோலினாவில் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் அட்வென்டிஸ்ட் பிரிவைச் சேர்ந்த நூற்பாலைத் தொழிலாளி ஒருவர், ஆலை ஆறு நாள் வேலைக்கு மாறியதும் சனிக்கிழமை வர மறுத்து நீக்கப்பட்டார். தக்க வேலையை மறுத்தார் என்று தொகை தர மறுத்தது மாநில ஆணையம். 1963-ல் உச்ச நீதிமன்றம் அது அவருடைய மத உரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. இந்தியானாவில் பீரங்கி வண்டியின் பாகம் செய்ய மனச்சாட்சி இடம்தராமல் விலகிய யெகோவா சாட்சிக்காரர் 1981-ல் வென்றார். 1990-ல் காற்று திசைமாறியது. ஒரிகனில், பூர்வகுடி அமெரிக்கர்களின் சமயச் சடங்கில் பெயோட்டி என்னும் கள்ளிச்செடியை உட்கொண்டதால் வேலையிழந்த இருவருக்குத் தொகை மறுத்ததை நீதிமன்றம் ஏற்றது. அதற்கு எதிர்வினையாக 1993-ல் நாடாளுமன்றம் மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தை இயற்றியது. அமெரிக்க மதச் சுதந்திரச் சட்டத்தின் பாடநூலைத் திறந்தால் பல அத்தியாயங்கள் வேலையின்மைக் காப்பீட்டு விண்ணப்பத்தில் தொடங்குகின்றன.

நெருக்கடிக் காலங்கள்

மந்தம் வந்தால் வழக்குகள் பெருகும், அந்த நேரத்தில்தான் வாரியத்தின் ஊழியர் பலம் பழைய அளவில் இருக்கும். 2008-க்குப் பின் வந்த மந்தத்தில் கலிபோர்னியாவில் நிலுவை குவிந்தது, 30 நாள் அளவுகோல் எட்டாக்கனியானது. மேலதிக நீதிபதிகள், தொலைபேசி விசாரணைகள் என்று வாரியம் மெல்ல மீண்டது.

2020-ன் பெருந்தொற்று அதையெல்லாம் சிறிதாக்கிவிட்டது. மார்ச் மாத இறுதியில் வந்த மத்தியச் சட்டம் வாரத்துக்கு 600 டாலர் கூடுதல் தொகையையும், இதுவரை காப்பீட்டில் சேராத சுயதொழில் செய்வோருக்கான தனித்திட்டத்தையும் கொண்டுவந்தது. விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்தன. அவற்றோடு மோசடிக் கும்பல்களும் வந்தன, பெருந்தொகை பறிபோனது. துறை பயந்துபோய் மறுபக்கம் சாய்ந்தது. 2020-ன் இறுதியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தொகையை மோசடிச் சந்தேகத்தில் ஒரேயடியாக நிறுத்தியது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உண்மையான தொழிலாளர்கள் என்பது பின்னர் உறுதியானது. கிறிஸ்துமஸ் வாரத்தில் அட்டையைத் தேய்த்துப் பணம் வராமல் நின்றவர்கள் அவர்கள்.

2022 ஆகஸ்டில் மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, துறையின் மறுப்புகளில் மேல்முறையீட்டுக்கு வந்தவற்றில் பாதிக்கும் மேல் ரத்தாவதைச் சுட்டிக்காட்டியது. நாட்டின் பிற பகுதிகளில் அது கால்பங்குக்கும் குறைவு. வாரியம் தாராள மனத்துடன் நடந்துகொள்கிறது என்று முதலாளிகள் தரப்பு இதைப் படிக்கலாம். அறிக்கை அப்படிப் படிக்கவில்லை. துறை முதலிலேயே அளவுக்கு மீறி மறுக்கிறது, வரியைக் குறைவாக வைத்திருப்பதிலும் மோசடியைத் தடுப்பதிலும் காட்டும் அக்கறையைத் தொகை உரியவருக்குச் சென்றுசேர்வதில் காட்டவில்லை என்பது அதன் முடிவு.

வேலையிழந்து தொகை மறுக்கப்பட்டவர்களில் மேல்முறையீடு செய்யாமல் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் வாரியத்தின் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 30 நாள் கெடு முடிந்ததும் துறையின் முடிவே அவர்களுக்கு இறுதி முடிவாகிவிடுகிறது.